ஒரே குப்பியில் இரண்டு முகங்கள்

1

இந்த மாதத்தோடு நான் முகத்தில் விஷம் ஏற்றிக்கொள்ளத் தொடங்கி நான்கு வருடம் ஆகிறது.

எங்கள் ஊர் குடியாத்தத்தில் இதைப் படிப்பவர்கள் பதற வேண்டாம். கெட்டுப்போன டப்பா உணவில் வளரும் ஒரு கிருமி கக்கும் விஷம் இது. சாப்பாட்டோடு உள்ளே போனால் கண்ணிமையில் தொடங்கி மூச்சு வரைக்கும் ஒவ்வொன்றாகக் கட்டிப்போட்டுவிடும். அதையே தூசியிலும் தூசியாகக் குறைத்து, சொன்ன பேச்சு கேட்காத ஒரு தசையில் ஊசிமுனையால் வைத்தால் அந்தத் தசை மட்டும் மூன்று மாதம் அடங்கிக் கிடக்கும். போட்டுலினம் என்பது டாக்டர்கள் சொல்லும் பெயர். போடாக்ஸ் என்றால் உங்களுக்கும் தெரிந்திருக்கும், நடிகைகள் போட்டுக்கொள்வது என்று. நான் நடிகை இல்லை. தமிழ் விளம்பரங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறவள். எனக்கு இடது கண் நோய்.

மருந்து வரும் குப்பி கட்டைவிரல் உயரம்கூட இருக்காது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் காலிக்குப்பி என்றே நினைப்பீர்கள். அடியில் யாரோ ஊதிவிட்ட மூச்சைப் போல ஒரு படலம் மட்டும். உப்புநீர் விட்டுக் கரைத்துவிட்டால் அன்றைக்கே தீர்த்தாக வேண்டும். எனக்கு வேண்டியது அதில் ஐந்தில் ஒரு பங்கு. ஒருத்திக்காகத் திறந்து மிச்சத்தைக் கொட்ட டாக்டருக்கு மனம் வராது, முழுக் குப்பியையும் நானே வாங்க எனக்கு வசதி வராது. அதனால் எங்கள் கிளினிக்கில் ஆட்களைச் சேர்த்துக்கொண்டுதான் குப்பியைத் திறப்பார்கள்.

கிளினிக் இந்திராநகர்ப் பக்கம், இரண்டு மாடி. மேலே கணவர், நரம்பு டாக்டர். கீழே மனைவி, தோல் டாக்டர். சனிக்கிழமை காலையில் குப்பி ஐஸ் டப்பாவில் உட்கார்ந்து படியேறும், படியிறங்கும். மேலே திருகிக்கொண்ட கழுத்து, பக்கவாதத்தில் இறுகிய கை, விடாத தலைவலி. கீழே நெற்றிச் சுருக்கம், கண்ணோரக் கோடு. கரைத்த மருந்துக்கு எந்த மாடி என்று பேதம் கிடையாது.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வரவேற்பில் இருக்கும் ஷபானா போன் செய்தாள்.

"மேடம், இந்த சனிக்கிழமை குப்பி ஓப்பன் ஆவுறது டவுட்டு. டேவிட் அங்கிள் ஃபீவர்னு படுத்துட்டார்."

டேவிட் அங்கிள் கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் இருந்தவர். கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ளும் நோய். குப்பியில் பெரும்பங்கு அவருக்குத்தான் போகும்.

"ஷபானா, எம் பொண்ணு நித்யாவுக்கு ஞாயித்துக்கிழமை வுட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை நிச்சயதார்த்தம். கண்ணு மறுபடி ஆரம்பிச்சிடுச்சு. பன்னெண்டு நாள்தான் இருக்கு."

"தெரியும் மேடம். அதான் சொல்றேன். உங்க நாத்தனார் மேடத்துக்கும் டேட் வந்துடுச்சு. அவங்கள இட்டுனு வந்துடுங்க. ரெண்டு பேர் ஆச்சுன்னா சார் ஓப்பன் பண்ணிடுவார்."

பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டேன். ஐந்து வாரம் கழித்து வரச் சொன்னார்கள். ஆக, என் கண் அடங்க நாத்தனார் ஹேமா வர வேண்டும். இந்த ஊரில் நான் யாரைப் பார்த்து இரவும் பகலும் வயிறெரிகிறேனோ, அவளே.

2

பெங்களூர் என்ன சீமையா, மூன்று மணி நேர ரயில்தானே என்பீர்கள். மூன்று மணி நேரத்தில் வேறொரு மொழிக்குள் இறங்கி இருபத்தெட்டு வருடமாக அதன் வாசலிலேயே நிற்பவளுக்குத்தான் அந்தத் தூரம் தெரியும். கல்யாணமாகி மர்பி டவுனில் குடிவந்தேன். சுற்றிலும் தமிழ், கன்னடம் கற்றுக்கொள்ள அவசரமே வரவில்லை. பிறகு தொம்மலூருக்கு மாறினோம். பக்கத்துக் கடையில் இன்னமும் வாக்கியத்தைக் கன்னடத்தில் தொடங்கித் தமிழில் முடிக்கிறேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் இடது கீழிமையில் ஏதோ நெளிந்தது. தகரக் கூரையில் முதல் தூறல் விழுவதைப் போல. ஊருக்குப் போன் செய்தேன்.

"எந்தக் கண்ணுடி?" என்றாள் அம்மா.

"இடது."

"பொம்பளைக்கு இடது கண்ணு துடிச்சா நல்ல சேதி. யாருகிட்டயும் சொல்லாத, கெட்டுப் போயிரும்."

சொல்லவில்லை. அந்த மாதம் நித்யாவுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்தது. அடுத்த வருடம் அவருக்குப் பதவி உயர்வு. தம்பிக்கு ஆண் குழந்தை. எல்லாவற்றையும் என் கண்தான் கொண்டுவந்தது என்று ஊரில் பேச்சு. அண்ணன் போன் செய்து, "இன்னும் துடிக்குதா? ஆலங்காயம் நிலத்துக் கேஸ் முடியற வரைக்கும் துடிக்கட்டும்" என்றான். அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை.

துடிப்பு இமையைத் தாண்டிக் கன்னத்துக்கு வந்தது. கண் பட்டென்று மூடும், கன்னம் மேலே ஏறும், வாயோரம் இழுபடும், பிறகு விட்டுவிடும். தள்ளி நின்று பார்ப்பவருக்கு ஒரு நடுவயதுப் பெண்மணி கண்ணடிக்கிறாள், அவ்வளவுதான். அல்சூர் மார்க்கெட்டில் கத்தரிக்காய் விற்றவன் எடையில் இரண்டு காயைக் கூடுதலாகப் போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். மெட்ரோ வாசல் வரை ஒருவர் பின்னாலேயே வந்தார், கையில் டிபன் கேரியரோடு, பாவம். "இது வியாதி" என்பதைத் தமிழில் சொல்லியிருப்பேன். கன்னடத்தில் அந்த வாக்கியம் எனக்குள் கூடிவருவதற்குள் அவர் பயந்துபோய்த் திரும்பிவிட்டார்.

நல்ல சகுனம் என்று நம்பி இரண்டு வருடம் டாக்டரிடம் போகாமல் இருந்தேன். நம்மூர்க்காரர்களால் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது. பிறகு ஸ்கேனில் டாக்டர் காட்டினார்: காதுக்குப் பின்னால், மூளையின் அடியில், ஒரு ரத்தக்குழாய் முகத்தின் நரம்பின் மேல் சாய்ந்து கிடக்கிறது. இதயம் அடிக்கும்போதெல்லாம் குழாய் நரம்பை இடிக்கிறது, நரம்பு முகத்தை இழுக்கிறது. "ஆபரேஷன் இருக்கு. வேண்டாம்னா, மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஊசி." ஊசி என்றேன்.

3

ஆதாரில் முகவரி மாற்றப் போனபோது போட்டோவையும் புதிதாக எடுக்கலாம் என்றார்கள். "கண்ணு முச்சபேடி அம்மா" என்றார் கேமராக்காரர், கண்ணை மூடாதே என்று. நான் மூடவில்லை, அதுவாக மூடியது. ஏழு தடவை எடுத்தார். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் நானே இரண்டு விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, முகத்தில் கை படக் கூடாது என்று அதையும் மறுத்துவிட்டார். பழைய போட்டோவே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. அரசாங்கத்தின் கையில் இன்றும் நான் முப்பத்தெட்டு வயது.

காப்பீடு அதற்கும் மேல். டாக்டர் கடிதம், ஸ்கேன், எல்லாம் வைத்து அனுப்பினேன். அழகுக்காகச் செய்துகொள்ளும் சிகிச்சையை ஏற்க இயலாது என்று பதில் வந்தது. போனில் ஒரு பெண், குரலில் வயது இருபத்திரண்டு: "மேம், ட்ரக் நேம் போட்டாலே சிஸ்டம் காஸ்மெட்டிக்னு எடுத்துக்குது மேம்."

"நான் அழகுக்காகப் போட்டுக்கிறேன்னு சிஸ்டம் சொல்லுதா?"

"ஆமா மேம்."

போனை வைத்துவிட்டு வெகுநேரம் சிரித்தேன். ஐம்பது வயதில் என்னைப் பார்த்து அப்படிச் சந்தேகப்பட்டது அந்த சிஸ்டம் ஒன்றுதான்.

4

ஹேமாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனவள் நானேதான்.

ஹேமா என் கணவரின் தங்கை. என்னைவிட மூன்று வயது சின்னவள். அவள் கணவர் மஸ்கட்டில் இருக்கிறார், வருடத்துக்கு ஒரு மாதம் வருவார். பிள்ளை இல்லை. ஒரு கட்டுமானக் கம்பெனியில் வீடு வாங்க வருபவர்களை வரவேற்று, மாதிரி வீட்டைச் சுற்றிக் காட்டும் வேலை. நான் ஆபீஸ் போய்க்கொண்டிருந்த காலத்தில் நித்யாவைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்து, ஊட்டி, தூங்கவைத்து, நான் வீடு திரும்பும்போது "குழந்தை இப்பதான் தூங்குச்சு, எழுப்பாதீங்க அண்ணி" என்று என் வீட்டு அறைக் கதவை எனக்கே சாத்தியவள். அந்தக் கதவை நான் மறக்கவில்லை.

இரண்டாவது ஊசிக்குப் போகும்போது துணைக்கு வந்தாள். என் கைப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளை, ஊசி முடிந்து இறங்கிவந்து பார்த்தால் காணோம். கீழ் அறையிலிருந்து நெற்றியில் பஞ்சை ஒற்றிக்கொண்டே வெளியே வருகிறாள்.

"குப்பில மிச்சம் இருக்குன்னாங்க அண்ணி. வேஸ்ட்டாப் போவுதேன்னு..."

அன்றிலிருந்து நாங்கள் ஒரே குப்பி.

அதே மருந்துதான் எனக்கும். ஆனால் எனக்கு அது வேலை செய்தால் ஒன்றும் நடக்காது. கண் மூடாது, கன்னம் ஏறாது, அவ்வளவுதான். ஒன்றும் நடக்காததை யார் பாராட்டுவார்கள்? எதுவும் சொல்லாத என் கண்ணைப் பார்த்து எவரும் நின்றதில்லை. அவளுக்கு வேலை செய்தால் ஊரே நிற்கிறது. "ஹேமா, லீவு போட்டியா? தூங்குனியா? என்ன க்ரீம்?" நெற்றி அலம்பிய கண்ணாடியாக, புருவம் இரண்டு இறக்கையாக. அவளுக்குக் கோபம் வந்தாலும் தெரிவதில்லை, கவலை வந்தாலும் தெரிவதில்லை. நித்யா அவள் தோளில் சாய்ந்துகொண்டு செல்பி எடுக்கிறாள். என்னோடு எடுக்கும்போது "அம்மா, ஒரு செகண்ட்... சரி, இன்னொண்ணு... சரி விடு" என்கிறாள்.

அந்த "சரி விடு" என் உடம்பில் எங்கோ தைத்து நிற்கிறது. அதை எடுக்கும் ஊசி எந்த மாடியிலும் இல்லை.

5

நித்யா தன் ஆபீஸில் கூட வேலை செய்யும் சுஹாஸை விரும்பினாள். ராஜாஜிநகர்க் குடும்பம், வீட்டில் கன்னடம். அவனுடைய அப்பா அம்மா முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்த அன்று என் ஊசி வலுவிழந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

காபி கொண்டுபோய் அந்தப் பெரியவரிடம் நீட்டினேன். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், நெற்றியில் நாமம். "நம்ம மகன் ரொம்ப சீரியஸ் டைப் அம்மா" என்று எனக்காகத் தமிழில் சிரமப்பட்டுச் சொன்னார். பட்டென்று கண்ணடித்தேன். அவர் டம்ளரை எடுத்தார். மறுபடி அடித்தேன். அவர் தன் மனைவியைப் பார்த்தார், டம்ளரால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டார். மூன்றாவது தடவை அடிக்கும்போது நித்யாவைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் கன்னடம் வழக்கம்போல வராமல் நின்றது. ஹேமா வந்தாள்.

"நம்ம அத்திகே கண்ணு ஸ்வல்ப துண்ட்ட கண்ணு சார்" என்றாள். எங்கள் அண்ணியின் கண் கொஞ்சம் குறும்புக் கண் என்று. அவர்கள் குலுங்கிச் சிரித்தார்கள். அப்புறம் நோய், நரம்பு, ஊசி என்று சரளமாக விளக்கினாள். பெரியவர் கைகூப்பி என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த மாலை முழுக்க அவர்கள் பேசியது ஹேமாவிடம். நிச்சயதார்த்தத் தேதியைக்கூட அவளிடம்தான் கேட்டார்கள். அவள் என்னைக் காப்பாற்றினாள் என்று நீங்கள் சொல்வீர்கள். ஆமாம், காப்பாற்றினாள். காப்பாற்றியவளை மன்னிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

நித்யா இரண்டு நாள் கழித்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன். அவளும் ஒரு துண்டை எடுத்து மடித்தாள். இந்த வீட்டில் அவள் துணி மடித்து நான் பார்த்ததில்லை. பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று புரிந்தது.

"அம்மா, தப்பா எடுத்துக்காத. தட்டு மாத்தும்போது... அத்தை மாத்தட்டுமா?"

நிச்சயதார்த்தத்தில் இரண்டு வீட்டுத் தாயாரும் எதிரெதிரே நின்று வெற்றிலை பாக்கு, பழம், புடவை வைத்த தாம்பூலத் தட்டை மாற்றிக்கொள்வதைத்தான் சொல்கிறாள். அந்தக் கணம்தான் நிச்சயம். அதற்கு முன்னால் நடப்பதும் பின்னால் நடப்பதும் சாப்பாடு.

"ஏன்?"

"அங்கதான்மா க்ளோஸப் வரும். அவங்க சொந்தக்காரங்க எல்லாம் இருப்பாங்க. உனக்கும் டென்ஷன், டென்ஷனானா இன்னும் அடிக்கும். பொண்ணுக்கு அத்தையும் முறைதானே?"

"உன்ன யாரு பெத்தா?"

"ஐயோ, ஆரம்பிக்காதம்மா."

"கண்ணு அடிக்கலைன்னா?"

அவள் துண்டை நாலாக மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"அடிக்கலைன்னா நீயே மாத்து. நான் என்ன வேணாம்னா சொல்றேன்?"

6

ஷபானா போன் செய்த அந்தச் செவ்வாய்க்கிழமையே ஹேமாவைக் கூப்பிட்டேன்.

"இந்த சனிக்கிழமையா? ஐயோ அண்ணி, தேவனஹள்ளில சைட் விசிட் இருக்கே. அடுத்த சனிக்கிழமை போய்க்கலாம்."

"அடுத்த சனிக்கிழமைன்னா மறுநாள் நிச்சயதார்த்தம். எனக்கு மருந்து புடிக்கவே ஒரு வாரம் ஆகும், உனக்குத் தெரியாதா?"

"அதான் தட்டு நான் பாத்துக்கறேன்ல. நீங்க டென்ஷன் இல்லாம ஃப்ரீயா உக்காருங்க. நல்ல சேர் போட்டு முன்னாடி உக்காத்தி வெக்கிறேன்."

குரலில் தேன். எந்தச் சுருக்கமும் இல்லாத குரல். நிஜமாகவே சைட் விசிட்டா, இல்லை என் கண் அடங்கக் கூடாது என்று நாளைக் கடத்துகிறாளா? முகத்தைப் பார்த்தாலும் படிக்க முடியாதவளைப் போனில் எப்படிப் படிப்பது? பால்கனியில் நின்று எதிர்வீட்டுக் கொடியில் ஆடும் சட்டைகளைப் பார்த்துக்கொண்டே வாழ்க்கையில் அதுவரை சொல்லாத மாதிரி ஒரு பொய்யைச் சொன்னேன்.

"சரி விடு. ஆனா கீழ் டாக்டரம்மா ஞாயித்துக்கிழமை அமெரிக்கா கெளம்பறாங்களாம், பொண்ணுக்குப் பிரசவம். வர ஒரு மாசம் ஆகுமாம். உனக்கும் நிச்சயதார்த்தத்துக்குள்ள கெடைக்காது."

"போன வாரம் கண்ணாடில பாத்தேன் அண்ணி" என்றாள் மெதுவாக. "கோடு திரும்ப வந்துடுச்சு."

"அதான் சொன்னேன்."

"சைட் விசிட்ட மதியானத்துக்கு மாத்திக்கறேன்."

போனை வைத்ததும் என் கண் தடதடவென்று அடித்தது. பொய் சொன்னதற்கா, ஜெயித்ததற்கா என்று அதற்குத்தான் தெரியும்.

7

சனிக்கிழமை. மேலே எனக்கு ஐந்து இடத்தில் ஊசி, கண்ணைச் சுற்றி. எறும்புக் கடிதான். கடைசி ஊசியின்போது, "டாக்டர், இன்னும் கொஞ்சம் போடுங்க. இந்த தடவை துளிகூட அசையக் கூடாது" என்றேன்.

"ஜாஸ்தி போட்டா இமை சரியா மூடாதும்மா. தண்ணி வடியும்."

"வடியட்டும்."

அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். போன தடவையைவிடச் சற்றுக் கூட்டிப் போட்டார்.

கீழே வந்து காத்திருந்தேன். நாலு மணி நேரம் படுக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்ததை மெய்ப்புப் பார்த்தேன், இரண்டு பிழை. ஹேமா வெளியே வந்தாள். நெற்றியில் கொசு கடித்ததுபோலச் சின்னச் சின்னத் தடிப்புகள். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"டாக்டரம்மா ரெண்டு வாரம் கழிச்சு வந்து காட்டச் சொன்னாங்க."

நான் சுவரில் மூன்றாவது பிழையைத் தேடினேன்.

"அமெரிக்கா எப்போன்னு கேட்டேன். எந்த அமெரிக்கான்னு கேட்டாங்க. அவங்களுக்குப் பொண்ணே இல்லியாம் அண்ணி. ரெண்டும் பசங்களாம்."

நான் அவள் பக்கம் திரும்பினேன். ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். மருந்து இன்னும் பிடிக்காத என் இடது கண் அந்த நேரம் பார்த்து, நிதானமாக, அழகாக, ஒரு தடவை அடித்தது.

ஹேமா வெடித்துச் சிரித்தாள். நெற்றியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பண்றதையும் பண்ணிட்டு கண்ணடிச்சு வேற காட்றீங்க!" ஷபானா எட்டிப் பார்த்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. நாங்கள் இருவரும் கடைசியாக எப்போது சேர்ந்து சிரித்தோம் என்று யோசித்தேன், நினைவில் வரவில்லை.

சிரிப்பு அடங்கியதும் அவள் கைப்பையின் வாரைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்.

"சைட் விசிட் இல்ல அண்ணி."

"என்ன?"

"தேவனஹள்ளி. அது பொய். உங்க கண்ணு அடங்காம இருக்கட்டும்னுதான் அடுத்த வாரம் சொன்னேன்."

ஆட்டோ ஒன்று வாசலில் திரும்ப முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"சுஹாஸ் வீட்டுக்காரங்க வந்துட்டுப் போன அன்னைக்கு ராத்திரியே நித்யா வந்து, அத்தை நீ தட்டு மாத்துறியான்னு கேட்டா. பாத்ரூம்ல போயி அழுதேன். ஒரு நாள். ஒரே ஒரு நாள் அந்த எடத்துல நிக்கலாமேன்னு. உங்களுக்கு அது எப்பவும் இருக்கு. உங்களுக்கு எல்லாமே இருக்கு அண்ணி. ஊசிகூட, நீங்க போட்டா அது மருந்து. ஐயோ பாவம்ங்கறாங்க. நான் போட்டா வாயப் பொத்திக்கிட்டு சிரிக்கிறாங்க, எங்க அண்ணனே சிரிக்கிறார். முப்பது வயசுப் பொண்ணுங்க நடுவுல வேலைல நிக்கணும், நெத்தில ரெண்டு கோடு விழுந்தா பின்னாடி சீட்டுக்குத் தள்ளிடுவான். அது வியாதி இல்லியா?"

இதை அவள் ஒரு சிறு மடிப்பும் விழாத முகத்தோடு சொன்னாள். குரல் மட்டும் கிழிந்திருந்தது. நான் அவள் கையைப் பிடித்திருக்க வேண்டும். நல்ல கதையில் பிடித்திருப்பேன். ஆனால் எனக்குள் ஓடியது ஒன்றே ஒன்றுதான்: என் மகள் என்னிடம் கேட்பதற்கு முன்னால் இவளிடம் போய்க் கேட்டிருக்கிறாள்.

"ஆட்டோ புடிக்கட்டுமா?" என்றேன்.

8

வெள்ளிக்கிழமை காலை, ஆபீஸ் போகும் அவசரத்தில் நித்யா என்னைச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்தாள். எதிரே போனை நிறுத்தினாள்.

"ஒரு நிமிஷம் என் மூஞ்சியவே பாரும்மா. சாதாரணமா இரு."

பார்த்தேன். மூக்குத்தி போட்ட இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு. என் அம்மாவின் உதடு. அவள் என் இடது கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள், கொதிக்கும் பாலைப் பார்ப்பதைப் போல. நாற்பது நொடி, ஐம்பது. அசையவில்லை. பெற்ற பெண்ணிடம் பரீட்சை எழுதும் வயது எனக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன், அதற்கும் அசையவில்லை.

"ஓகேம்மா" என்றாள், மூச்சை விட்டு. உடனே ஹேமாவுக்குப் போன் போட்டாள், ஸ்பீக்கரில். "அத்தை, அம்மாவுக்கு சரியாயிடுச்சு. அம்மாவே மாத்தட்டும், சரியா?"

"ரொம்ப சந்தோஷம்டா" என்றது ஹேமாவின் குரல். இடைவெளியே விடாமல், உடனே.

நிச்சயதார்த்தம் அல்சூரில் ஒரு சின்ன மண்டபத்தில். பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் கன்னடம், மேளக்காரர்கள் தெலுங்கு. சுஹாஸின் அம்மாவுக்கு எதிரே நின்றேன். கேமராக்காரன் முழங்காலில் நெருங்கி வந்தான். தட்டைத் தூக்கினேன். கண் கல்லாக இருந்தது.

டாக்டர் சொன்னது அப்போதுதான் நடந்தது. சரியாக மூடாத இமை காற்றில் காய்ந்து, இடது கண்ணிலிருந்து நீர் வழியத் தொடங்கியது. இடது கண்ணில் மட்டும். கன்னத்தில் இறங்கி, தாடையில் நின்று, தட்டில் இருந்த ஆப்பிளின் மேல் விழுந்தது. மண்டபம் உருகிவிட்டது. முன்வரிசையில் இரண்டு பெண்கள் முந்தானையை எடுத்தார்கள். சுஹாஸின் அம்மா தட்டோடு சேர்த்து என் கையைப் பிடித்து, "அளபேடி, அளபேடி, நம்ம மகள் தர நோட்கொள்தீவி" என்றார். அழாதே, எங்கள் மகளைப் போலப் பார்த்துக்கொள்வோம் என்று. நான் அழவில்லை என்பதைச் சொல்லும் கன்னடம் என்னிடம் இல்லை. தமிழிலும் அன்றைக்கு இல்லை.

என் மனதில் அப்போது இருந்தது பிரிவு இல்லை, பாசம் இல்லை. ஹேமா எங்கே நிற்கிறாள் என்பதுதான். பார்த்தேன். நித்யாவுக்குப் பின்னால், மாம்பழ மஞ்சள் பட்டில் நின்றாள். அவள் முகத்தில் வயிற்றெரிச்சல் தெரிய வேண்டும். இத்தனை வருடம் என் முகம் எல்லாருக்கும் காட்டிக்கொடுத்ததை ஒரே ஒரு தடவை அவள் முகமும் காட்டிக்கொடுக்க வேண்டும். ஒரு கோடு, புருவத்தில் ஒரு முடிச்சு, ஏதாவது. நெற்றி விரித்துவைத்த வெள்ளைத் தாளாக இருந்தது. நான் பொய் சொல்லி இழுத்துப் போய்ப் போடவைத்த ஊசி, சொன்ன வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது.

9

நேற்று மதியம் வீடியோ வந்தது. அவரும் நித்யாவும் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். நான் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு தட்டு மாற்றும் இடத்துக்குப் போனேன். என் கண்ணீர் பிரமாதமாக வந்திருக்கிறது. பின்னணியில் வயலின் வேறு சேர்த்திருக்கிறான்.

நிறுத்தினேன். திரையில் வலது மூலை, ஹேமாவின் முகம். பெரிதாக்கினேன். கண்ணைப் பார்த்தேன், வாயோரத்தைப் பார்த்தேன். பின்னால் தள்ளி மறுபடி ஓடவிட்டேன். தட்டு கைமாறும் அந்த நொடியில் அவள் தொண்டை ஒரு தடவை ஏறி இறங்குவது போல இருக்கிறது. விழுங்குகிறாளா? எதை? இல்லை, மண்டபத்துச் சூடா? மறுபடி. இன்னும் பெரிதாக. முகம் புள்ளி புள்ளியாக உடைந்தது. மறுபடி.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. தோளுக்குப் பின்னால் மூச்சு கேட்டது. நித்யா நின்றுகொண்டிருந்தாள், கையில் பாதி கடித்த கொய்யாவோடு. எப்போதிலிருந்து நிற்கிறாளோ.

"அத்தையவே ஏம்மா பெரிசு பண்ணிப் பண்ணிப் பாக்கற?"

"சும்மாதான்."

அவள் குனிந்து, இரண்டு விரலால் திரையில் இருந்த படத்தைச் சின்னதாக்கினாள். மண்டபம் திரும்பி வந்தது, நான் வந்தேன், தட்டு வந்தது. நடுவில், அரக்குப் பட்டில், தலையைச் சற்றுத் தூக்கி, எல்லாரையும் விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு ஒருத்தி நிற்கிறாள். அத்தனை தடவை ஓட்டியும் நான் பார்க்கவில்லை.

"நானும் இதுலதான் இருக்கேம்மா" என்றாள்.